பில் தரவிலிருந்து வருவித்த மாறிகள் பிழைபட்டால்: அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் வழிமுறை

வாடிக்கையாளர்களின் பரிவர்த்தனைப் பதிவுகளிலிருந்து மொத்தக் கொள்முதல், வாங்கிய தடவைகள், கடைசியாக வாங்கி எத்தனை நாளாயிற்று, சராசரி பில் தொகை போன்ற மாறிகளை வருவிக்கும்போது நேரும் பிழைகளைப் பல ஆண்டுகளாகத் திருத்திவருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை கூட்டல் கழித்தலில் நேர்ந்தவை அல்ல. அட்டவணையின் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது என்பதைத் தவறாக எடுத்துக்கொண்டதால் நேர்ந்தவை. ஒரு வரிசை முழுப் பில்லா, பில்லில் உள்ள ஒரு பொருளா, ரத்து செய்யப்பட்ட விற்பனையா என்று தெரியாமல் எழுதும் சூத்திரம், எழுத்துப் பிசகாமல் இருந்தாலும், தவறான விடையையே தரும்.

யாரும் இலவசமாகப் பதிவிறக்கிச் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு தரவையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் பராமரிக்கும் களஞ்சியத்தில் உள்ள ‘ஆன்லைன் ரீடெயில்’ தொகுப்பு, பிரிட்டனில் கடைமுகப்பு இல்லாமல் இணையம்வழி விற்ற ஒரு நிறுவனத்தின் 2010 டிசம்பர் 1 முதல் 2011 டிசம்பர் 9 வரையிலான விற்பனைப் பதிவு ஆகும். அதில் 5,41,909 வரிசைகளும் 8 நெடுவரிசைகளும் உள்ளன. நான் பயன்படுத்தும் மென்பொருள், பைத்தான் நிரல்மொழியில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ். எக்செல்லும், புள்ளியியல் மென்பொருள்களான எஸ்பிஎஸ்எஸ், ஆர் ஆகியவையும் வேறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும், தேடத் தொடங்குமுன் மூலத் தரவிலிருந்து மூன்று எண்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: வரிசைகளின் எண்ணிக்கை, வெவ்வேறு வாடிக்கையாளர்களின் எண்ணிக்கை, தொகைகளின் கூட்டுத்தொகை. நம் எடுத்துக்காட்டில் அவை 5,41,909, 4,372, சுமார் 97.5 லட்சம் பவுண்டு. கீழே வரும் சோதனைகளில் சில இந்த எண்களோடு ஒப்பிடுவதுதான்.

## அறிகுறி 1: வாடிக்கையாளர் அட்டவணையின் மொத்தம் மூலத் தரவைவிடக் குறைகிறது

முதலில் பார்க்க வேண்டியது: வாடிக்கையாளர் எண் இல்லாத வரிசைகள். பாண்டாஸின் ‘குரூப்பை’ கட்டளை, தொகுக்கும் நெடுவரிசையில் மதிப்பு விடுபட்டிருந்தால் அந்த வரிசையை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விட்டுவிடும். எடுத்துக்காட்டுத் தரவில் 1,35,080 வரிசைகளில், அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில், வாடிக்கையாளர் எண் இல்லை. ஆகவே வாடிக்கையாளர் வாரியாகக் கூட்டியவுடன் 97.5 லட்சம் பவுண்டு சுமார் 83 லட்சமாகிவிடுகிறது. 2020இல் வெளிவந்த 1.1 பதிப்பிலிருந்து ‘ட்ராப்என்ஏ’ என்ற அளவுருவுக்கு ‘ஃபால்ஸ்’ என்று கொடுத்தால், விடுபட்டவை ஒரு தனிக் குழுவாக நிற்கும். அந்தக் குழுவின் தொகையும் நீங்கள் இழந்த தொகையும் சமமாக இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

கிடைத்த பின் அந்த வரிசைகளை என்ன செய்வது என்பது வேறு கேள்வி. வாடிக்கையாளர் வாரியான மாறிகளில் அவற்றுக்கு இடமில்லை என்பது உண்மைதான். ஆனால் இத்தனை வரிசைகள், இவ்வளவு தொகை விடப்பட்டன என்று அறிக்கையில் எழுதாமல் நீக்குவதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. அறிக்கையைப் படிப்பவர் அதைக் கடையின் முழு விற்பனை என்றே எடுத்துக்கொள்வார்.

தொகை இன்னும் பொருந்தவில்லை என்றால்: எண்ணின் வடிவம். ஒரு நெடுவரிசையில் ஒரே ஒரு மதிப்பு விடுபட்டிருந்தாலும் பாண்டாஸ் முழு எண்களைத் தசம எண்களாக மாற்றிவிடும். 17850 என்பது 17850.0 ஆகும். அதை எழுத்துச் சரமாக மாற்றி இன்னொரு அட்டவணையோடு இணைத்தால் ஒரு வாடிக்கையாளர்கூடப் பொருந்தமாட்டார். எக்செல்லில் திறந்து சேமித்த கோப்பு என்றால், எண்ணின் முன்னால் இருந்த பூஜ்ஜியங்கள் போயிருக்கலாம். 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்ணில் எஞ்சிய இலக்கங்கள் பூஜ்ஜியமாகியிருக்கும். இதற்குத் திருத்தம் கிடையாது. எக்செல் தொடாத மூலக் கோப்பை மீண்டும் வாங்கி, அடையாள எண்களை எழுத்தாகவே படிக்க வேண்டும்.

தரவுத்தளப் பொறுப்பாளரை அழைக்க வேண்டிய கட்டம்: எண் இல்லாத பில்களைத் தொலைபேசி எண்ணையோ அட்டை எண்ணையோ கொண்டு வாடிக்கையாளரோடு பொருத்தலாம் என்று யாராவது சொன்னால், அதை நீங்களாகச் செய்யாதீர்கள். தவறாகப் பொருத்தினால் இரண்டு பேரின் வரலாறு ஒன்றாகிவிடும். இந்தியாவில் என்றால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் கருத வேண்டியிருப்பதால், சட்ட ஆலோசகரையும் கேட்பது நல்லது.

## அறிகுறி 2: மொத்தமோ எண்ணிக்கையோ ஊதிப் போகிறது

### 2அ. ‘வாங்கிய தடவைகள்’ மட்டும் நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக உள்ளது

பில்களை எண்ணாமல் வரிசைகளை எண்ணியிருக்கிறீர்கள். நம் தரவில் ஒவ்வொரு வரிசையும் பில்லில் உள்ள ஒரு பொருள்தான். வாடிக்கையாளர் எண் உள்ள 4,06,829 வரிசைகளில் இருப்பவை 22,190 வெவ்வேறு பில் எண்களே. ஆகவே வரிசைகளை எண்ணினால் ‘தடவை’ சராசரியாக 18 மடங்குக்கு மேல் பெருகும். எண்ணும் கட்டளையான ‘கவுன்ட்’டுக்குப் பதிலாக, வெவ்வேறு மதிப்புகளை மட்டும் எண்ணும் ‘என்யுனிக்’கைப் பில் எண்ணின்மேல் பயன்படுத்துங்கள். அந்த 22,190இல் ரத்துப் பில்களும் அடக்கம் என்பதை மறக்க வேண்டாம். அவற்றைப் பற்றி மூன்றாம் அறிகுறியில் சொல்கிறேன்.

### 2ஆ. இணைப்புக்குப் பின் தொகை கூடியது

இணைப்புக்கு முன்னும் பின்னும் வரிசை எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். பில் அட்டவணையோடு வாடிக்கையாளர் விவர அட்டவணையை இணைத்தபின் வரிசைகள் ஒன்றுகூடக் கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தால், விவர அட்டவணையில் ஒரே வாடிக்கையாளர் இருமுறை உள்ளார். எடுத்துக்காட்டுத் தரவில் வாடிக்கையாளர் எண், நாடு ஆகிய இரண்டையும் எடுத்து மறுபதிவுகளை நீக்கினால் 4,372க்குப் பதிலாக 4,380 வரிசைகள் கிடைக்கும், ஏனெனில் எட்டு வாடிக்கையாளர்கள் இரண்டு நாடுகளின் பெயரில் பதிவாகியுள்ளனர். அந்தப் பட்டியலைத் திரும்பவும் பில்களோடு இணைத்தால் அந்த எட்டு பேரின் ஒவ்வொரு கொள்முதலும் இரட்டிக்கும். எட்டு பேர் என்பதால் மொத்தத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. அதுதான் இதன் ஆபத்து.

பாண்டாஸின் ‘மெர்ஜ்’ கட்டளையில் ‘வேலிடேட்’ என்ற அளவுரு உண்டு. பல பில்களுக்கு ஒரு வாடிக்கையாளர் என்று அதில் குறிப்பிட்டுவிட்டால், விவர அட்டவணையில் மறுபதிவு இருக்கும்போது மென்பொருளே பிழை காட்டி நின்றுவிடும். இதை எழுதாமல் நான் எந்த இணைப்பையும் செய்வதில்லை.

### 2இ. பில் அளவிலான தொகை ஒவ்வொரு பொருள் வரிசையிலும் திரும்ப வருகிறது

அனுப்புக் கட்டணம், பில் தள்ளுபடி போன்றவை இப்படிப் பதிவாகும். ஒரு பில்லைத் தேர்ந்து, அதன் எல்லா வரிசைகளையும் திரையில் வைத்துக்கொண்டு கையால் கூட்டிப் பாருங்கள். முதலில் பில் அளவுக்குச் சுருக்கி, பிறகே வாடிக்கையாளர் அளவுக்குச் சுருக்க வேண்டும். ஒரே படியில் இரண்டையும் செய்ய முயல்வதால்தான் இந்தப் பிழை நேர்கிறது.

### 2ஈ. அச்சு அசலான மறுபதிவுகள்

நம் தரவில் முந்தைய ஒரு வரிசையை அப்படியே திரும்பச் சொல்லும் வரிசைகள் 5,268 உள்ளன. இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்குவது பலரின் வழக்கம். நான் அதற்கு உடன்படுவதில்லை. வாடிக்கையாளர் உண்மையிலேயே இரண்டு வாங்கியதால் ஒரே பொருளை ஒரே பில்லில் இரண்டு முறை பதிந்திருக்கவும் கூடும். பில்லுக்குள் வரிசை எண் இல்லாத தரவில் இரண்டையும் வேறுபடுத்தும் வழி இல்லை. பில் தொகை தனியாகப் பதிவாகியிருந்தால் அதனோடு ஒப்பிட்டுத் தீர்க்கலாம். இல்லையென்றால் கணக்குப் பிரிவிடம் ஒரு நாளின் மொத்த வசூலைக் கேட்டு வாங்கி, அது எந்தக் கணக்கோடு பொருந்துகிறது என்று பாருங்கள். அதற்கு முன் எதையும் நீக்காதீர்கள்.

## அறிகுறி 3: எதிர்மறைத் தொகை, பூஜ்ஜியம், அல்லது நம்ப முடியாத பெரிய வாடிக்கையாளர்

நான் அதிக நேரம் செலவிட்ட அறிகுறி இதுதான். எடுத்துக்காட்டுத் தரவில் பில் எண் ‘சி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அது ரத்து. அவ்வரிசைகளில் அளவு எதிர்மறையாக இருக்கும்.

பலரும் செய்யும் முதல் திருத்தம், ‘சி’ பில்களை நீக்கிவிடுவது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இரண்டு வாடிக்கையாளர்களைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வாடிக்கையாளர் 12346, 2011 ஜனவரி 18 அன்று காலை 10:01க்குப் பீங்கான் மூடியிட்ட சேமிப்புக் குடுவைகள் 74,215 வாங்கியதாகப் பதிவு உள்ளது. ஒன்றின் விலை 1.04 பவுண்டு, மொத்தம் 77,183.60 பவுண்டு. அதே நாள் 10:17க்கு அந்த முழு அளவும் ரத்தானது. அவர் பெயரில் இந்த இரண்டு வரிசைகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. ரத்தைச் சேர்த்துக் கூட்டினால் அவருடைய மொத்தம் பூஜ்ஜியம். ரத்தை நீக்கிவிட்டுக் கூட்டினால் அவர் 77,183.60 பவுண்டுக்கு வாங்கியவர்.

வாடிக்கையாளர் 16446இன் நிலை இன்னும் விசித்திரமானது. 2011 டிசம்பர் 9 காலை 9:15க்கு 80,995 காகிதக் கைவினைப் பொருள்களை 1,68,469.60 பவுண்டுக்கு வாங்கியதாகப் பதிவாகி, 9:27க்கு அது ரத்தாகியுள்ளது. அவர் உண்மையில் வாங்கியது அதே ஆண்டு மே 18 அன்று 2.90 பவுண்டுக்கு மட்டுமே. ‘சி’ பில்களை மட்டும் நீக்கும் ஆய்வில் இவர் 1,68,472.50 பவுண்டோடு ஒட்டுமொத்தத் தரவிலும் நான்காவது பெரிய வாடிக்கையாளராக ஏறி நிற்கிறார். டிசம்பர் 9 தரவின் கடைசி நாள் என்பதால் மிக அண்மையில் வாங்கியவர் என்ற தகுதியும் சேர்ந்துகொள்கிறது. பன்னிரண்டு நிமிடங்களில் திருத்தப்பட்ட ஒரு தட்டச்சுப் பிழை போன்ற பதிவு, வருவித்த மாறிகளில் நிறுவனத்தின் முதன்மை வாடிக்கையாளரை உருவாக்கிவிடுகிறது.

சரியான முறை, ரத்தை அதற்குரிய விற்பனையோடு இணைத்து இரண்டையும் ஒன்றாக நீக்குவது. இந்தத் தரவில் ரத்துப் பில் தன் மூலப் பில்லின் எண்ணைச் சுமப்பதில்லை என்பதால், வாடிக்கையாளர், பொருள் குறியீடு, விலை, அளவு ஆகிய நான்கும் பொருந்தும், ரத்துக்கு முந்தைய மிக அண்மை விற்பனையைத் தேட வேண்டும். பின்வரும் வரிசையில் செய்யுங்கள்:

1. மொத்தத் தொகை மாறிக்கு ரத்துகளையும் சேர்த்தே கூட்டுங்கள். நிகரம் தானாகவே சரியாகும்.
2. வாங்கிய தடவை, மிகப் பெரிய பில், கடைசிக் கொள்முதல் நாள் ஆகியவற்றுக்கு, முழுமையாக ரத்தான ஜோடிகளை நீக்கியபின் கணக்கிடுங்கள். நிகரத் தொகை மட்டும் இவற்றைக் காப்பாற்றாது.
3. ஒரு பகுதி மட்டும் திரும்பியவற்றுக்கு விற்பனையை விட்டுவைத்து, திரும்பிய அளவை மட்டும் கழியுங்கள்.
4. ஜோடி கிடைக்காத ரத்துகளைத் தனியாக எண்ணுங்கள். எடுத்துக்காட்டுத் தரவில் 33 வாடிக்கையாளர்களின் பெயரில் ரத்துகள் மட்டுமே உள்ளன. அவர்கள் வாங்கிய பில் இந்தக் கோப்பிலேயே இல்லை. அவர்களுக்கு எதிர்மறை மொத்தம் வருவது உங்கள் பிழையன்று. ஆனால் அவர்களை ஆய்வில் வைத்திருப்பது பிழையாகும்.

பொருள் அல்லாத வரிசைகளும் உண்டு: தபால் கட்டணம், தள்ளுபடி, வங்கிக் கட்டணம், கைப்பதிவு. வாராக்கடன் சரிக்கட்டல் என்ற குறிப்போடு இரண்டு வரிசைகளின் விலை மைனஸ் 11,062.06 பவுண்டு. பொருள் குறியீடுகளில் எண் இல்லாதவற்றை மட்டும் பிரித்துப் பட்டியலிட்டால் பெரும்பாலானவை ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

கணக்குப் பிரிவை அழைக்க வேண்டிய கட்டம்: ஜோடி கிடைக்காத ரத்துகளின் தொகை உங்கள் முடிவை மாற்றும் அளவுக்கு இருந்தால், அல்லது சரிக்கட்டல் பதிவுகள் எதற்கானவை என்று தெரியாவிட்டால், ஊகித்து எழுத வேண்டாம். பேரேட்டைப் பார்த்தவர்கள்தான் அதைச் சொல்ல முடியும்.

## அறிகுறி 4: ‘கடைசியாக வாங்கி எத்தனை நாள்’ எதிர்மறையாகவோ மிகப் பெரிதாகவோ வருகிறது

எல்லாருக்கும் ஒரே அளவில் பெரிதாக இருந்தால், இன்றைய தேதியிலிருந்து கழித்திருக்கிறீர்கள். 2011இல் முடியும் தரவுக்கு ஆய்வுத் தேதி 2011 டிசம்பர் 10 என்று நிலையாக எழுதப்பட வேண்டும். இன்றைய தேதியைத் தரும் சார்பைச் சூத்திரத்தில் வைத்தால், நேற்று எடுத்த விடை இன்று கிடைக்காது.

சிலருக்கு மட்டும் தவறாக இருந்தால், நாளும் மாதமும் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். இதைக் கண்டுபிடிக்கும் மிக எளிய சோதனை, கிழமை வாரியாகப் பில்களை எண்ணுவது. எடுத்துக்காட்டுத் தரவில் சனிக்கிழமையில் ஒரு பில்கூட இல்லை. ஆகவே உங்கள் அட்டவணையில் சனிக்கிழமை தலைகாட்டினாலே தேதி புரண்டிருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளலாம். உங்கள் கடைக்கு வார விடுமுறை இருந்தால் அதே சோதனை அங்கேயும் செல்லும். இல்லையென்றால், தரவின் கடைசி நாளுக்குப் பிந்தைய தேதி எதுவும் உள்ளதா என்று பாருங்கள். 2023 ஏப்ரலில் வந்த பாண்டாஸ் 2.0க்கு முந்தைய பதிப்புகள் ஒரே நெடுவரிசையில் சில தேதிகளை ஒரு வடிவத்திலும் சிலவற்றை இன்னொரு வடிவத்திலும் சத்தமில்லாமல் படித்துவிடும். எந்தப் பதிப்பாக இருந்தாலும் வடிவத்தை நீங்களே வெளிப்படையாக எழுதிக்கொடுங்கள்.

மாதக் கடைசியில் மட்டும் தவறினால், நேர மண்டலத்தைப் பாருங்கள். சர்வதேச நேரத்தில் பதிவாகும் இந்தியத் தரவில், ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு நடந்த விற்பனை மார்ச் 31 இரவு 8:30 என்று இருக்கும். நிதியாண்டே மாறிவிடும் இடம் அது.

நான்கு ஆண்டுகளும் ஒரு நாளும் வேறுபட்டால், எக்செல்லின் 1900, 1904 என்ற இரு தேதி முறைகள் கலந்துள்ளன. வேறுபாடு சரியாக 1,462 நாள்.

## அறிகுறி 5: இரு கொள்முதல்களுக்கு இடைப்பட்ட நாள்கள் பொருந்தவில்லை

ஒவ்வொரு வாடிக்கையாளரின் முதல் பில்லையும் மட்டும் பிரித்துப் பாருங்கள். அங்கே இடைவெளி வெற்றாக இருக்க வேண்டும். ஏதேனும் எண் இருந்தால், முந்தைய வாடிக்கையாளரின் கடைசித் தேதி இவருக்குள் நுழைந்திருக்கிறது. பாண்டாஸின் ‘ஷிஃப்ட்’, எஸ்பிஎஸ்எஸ்ஸின் ‘லேக்’ ஆகிய இரண்டுமே தமக்கு மேலே உள்ள வரிசையை எடுக்குமே தவிர, அது யாருடையது என்று பார்க்காது. பாண்டாஸில் வாடிக்கையாளர் வாரியாகத் தொகுத்தபின் ‘ஷிஃப்ட்’ செய்ய வேண்டும். எஸ்பிஎஸ்எஸ்ஸில் மேல் வரிசையின் வாடிக்கையாளர் எண்ணும் இதே எண்தானா என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். இரண்டிலும் அதற்கு முன் வாடிக்கையாளர், தேதி என்ற வரிசையில் அடுக்கியிருக்க வேண்டும்.

முதல் பில்லின் இடைவெளி வெற்றாகவே இருந்தும் மற்ற இடைவெளிகள் பெரும்பாலும் பூஜ்ஜியமாக வந்தால், பில்லின் பொருள் வரிசைகளுக்கு இடையே கழித்துக்கொண்டிருக்கிறீர்கள். 2இ பகுதியில் சொன்னபடி பில் அளவுக்குச் சுருக்கிவிட்டுத் திரும்ப வாருங்கள்.

## அறிகுறி 6: வெற்று மதிப்புகள், மதிப்பெண் பிரிக்கும்போது பிழை

பில் தொகைகளின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் திட்டவிலக்கம் வெற்றாக வந்தால், அந்த வாடிக்கையாளர் ஒரே ஒரு பில் உள்ளவர். ரத்துகளை விலக்கிய எடுத்துக்காட்டுத் தரவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் அப்படிப்பட்டவர்கள்தான். அதைப் பூஜ்ஜியத்தால் நிரப்பினால் ‘மிகச் சீராக வாங்குபவர்’ என்ற பொய்யான பொருள் வந்துவிடும். ‘ஒரு பில் மட்டும்’ என்ற தனி மாறியை வைத்துக்கொள்வதே சரி. எஸ்பிஎஸ்எஸ்ஸில் கூட்டல் குறியால் கூட்டினால் ஒன்று விடுபட்டாலும் விடை விடுபடும், ‘சம்’ சார்பு இருப்பவற்றைக் கூட்டும். ஆரில் விடுபட்டதை விலக்கச் சொல்லாவிட்டால் முழுக் கூட்டுத்தொகையும் விடுபடும். பாண்டாஸோ எல்லாமே விடுபட்ட குழுவுக்குக்கூடப் பூஜ்ஜியம் என்று விடை தரும்.

வாங்கிய தடவைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் தருவதற்காக வாடிக்கையாளர்களை ஐந்து சம பிரிவுகளாகப் பிரிக்கும் ‘க்யூகட்’ கட்டளை, எல்லைகள் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று பிழை காட்டினால், காரணம் மேலே சொன்னதுதான்: மூன்றில் ஒரு பங்கினரின் தடவை 1 என்பதால் முதல் இரண்டு எல்லைகளும் 1 ஆகிவிடுகின்றன. தரவரிசை கொடுத்துப் பிரித்தால் பிழை மறையும் என்று பலர் வழி சொல்வார்கள். ஆனால் அப்போது ஒருமுறை மட்டும் வாங்கிய இருவரில், கோப்பில் முன்னால் இருப்பவருக்கு 1ம் பின்னால் இருப்பவருக்கு 2ம் கிடைக்கும். ஒரு முறை, இரு முறை, மூன்று முதல் ஐந்து முறை என்று எல்லைகளை நீங்களே வகுப்பது இதைவிட நேர்மையானது.

## அறிகுறி 7: எல்லாம் சரியாக உள்ளது, கணிப்பு மட்டும் நம்ப முடியாத அளவுக்குத் துல்லியமாக உள்ளது

அடுத்த மூன்று மாதங்களில் யார் வாங்குவார் என்று கணிக்கும் மாதிரி ஏறத்தாழப் பிழையே இல்லாமல் வேலை செய்தால், மகிழ்வதற்கு முன் மாறிகள் எந்தத் தேதிவரை கணக்கிடப்பட்டன என்று பாருங்கள். 2011 செப்டம்பர் 9ஐ வெட்டுநாளாகக் கொண்டால், அதற்குப் பிந்தைய ஒரு பில்கூட மாறிகளுக்குள் வரக் கூடாது. முழுத் தரவில் ‘கடைசிக் கொள்முதல் நாள்’ கணக்கிட்டுவிட்டுப் பிறகு வெட்டுநாளைப் போட்டவர்களிடம், விடை கேள்விக்குள்ளேயே இருக்கும்.

மிக எளிய சோதனை: வெட்டுநாளுக்குப் பிந்தைய வரிசைகளைக் கோப்பிலிருந்தே அகற்றிவிட்டு அதே நிரலை மீண்டும் ஓட்டுங்கள். ஒரு வாடிக்கையாளரின் ஒரு மாறிகூட மாறக் கூடாது. மாறினால் மாறிய நெடுவரிசையே குற்றவாளி.

எதிர்காலத் தகவல் மாறிகளுக்குள் நுழையும் இந்தக் கசிவு, நுட்பமாக ரத்துகளின் வழியாகவும் வரும். ஆகஸ்டில் விற்றது அக்டோபரில் திரும்பியிருந்தால், செப்டம்பரில் நின்று பார்ப்பவருக்கு அது முழு விற்பனைதான். மூன்றாம் அறிகுறியில் சொன்ன ஜோடி நீக்கத்தையும் வெட்டுநாளுக்கு முந்தைய ரத்துகளை மட்டும் கொண்டே செய்ய வேண்டும். மூலத் தரவுத்தளம் பழைய பில்லின்மேலேயே திருத்தத்தை எழுதிவிடும் வகை என்றால், செப்டம்பரில் அது எப்படி இருந்தது என்பதை உங்கள் கோப்பிலிருந்து மீட்கவே முடியாது; அந்தத் தேதியின் காப்புப் பிரதியை எடுத்துத் தரும்படி தரவுத்தளப் பொறுப்பாளரைக் கேளுங்கள். அது கிடைக்கும்வரை அந்த மாதிரியின் துல்லிய எண்ணை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.